உலகின் தலைசிறந்த படம்: பத்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் தேர்தலின் கதை

ஒரு படம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், "அது ஓடவே இல்லையே" என்பார்கள். நன்றாக இல்லை என்று சொன்னால், "எத்தனை அவார்டு வாங்கின படம் தெரியுமா, உனக்குப் புரியலைன்னு சொல்லு" என்பார்கள். காலேஜ் கேன்டீனில் ஆரம்பித்து டீக்கடை வரைக்கும் முடிவே இல்லாமல் ஓடுகிற சண்டை இது. வசூல் ஒரு பக்கம், விமர்சகர்கள் இன்னொரு பக்கம், நடுவில் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்த ஆள்.

இந்தச் சண்டைக்கு எழுபது வருடமாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிற இடம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் வெளியிடும் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பத்திரிகைதான் அது. 1932ல் தொடங்கியது. 1952லிருந்து பத்து வருடத்துக்கு ஒரு முறை உலகம் முழுக்க இருக்கும் விமர்சகர்களுக்குக் கடிதம் போட்டு, சினிமா வரலாற்றிலேயே சிறந்த பத்துப் படங்கள் எவை என்று கேட்கிறது. பத்துப் பெயர் எழுதினால் போதும். முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசை போட வேண்டியதில்லை. எழுதிய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய படம் உலகின் சிறந்த படம். அவ்வளவுதான் விதி!

முதல் தேர்தல் 1952ல். 85 பேருக்குக் கடிதம் போனது, 63 பேர் பதில் போட்டார்கள். முதலிடம் பிடித்தது விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 25 ஓட்டு. சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்', 'கோல்ட் ரஷ்' இரண்டும் தலா 19. இதில் கவனிக்க வேண்டியது, 'பைசைக்கிள் தீவ்ஸ்' வந்தது 1948ல். நாலு வயசுப் படம் வரலாற்றிலேயே சிறந்த படம் ஆகிவிட்டது. 1941ல் வந்திருந்த 'சிட்டிசன் கேன்' முதல் பத்திலேயே இல்லை.

1962ல் எல்லாம் தலைகீழ். 'சிட்டிசன் கேன்' 22 ஓட்டோடு முதலிடம். 'பைசைக்கிள் தீவ்ஸ்' 16 ஓட்டோடு கீழே இறங்கியது. 1972ல் முதல் பத்திலிருந்தே காணாமல் போனது. 1962ல் இரண்டாமிடம் பிடித்த படத்தின் கதை இன்னும் சுவாரசியம். அன்டோனியோனியின் 'லவென்சுரா', 20 ஓட்டு. 1960 கேன்ஸ் விழாவில் இந்தப் படம் திரையிடப்பட்டபோது கூட்டம் சிரித்தது, கூச்சல் போட்டது. மறுநாள் ரோஸெல்லினி உட்படப் பல திரைக்கலைஞர்களும் விமர்சகர்களும் படத்துக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வெளியிட வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் அதே படத்துக்கு இன்னும் மூன்றே மூன்று ஓட்டு விழுந்திருந்தால் 'சிட்டிசன் கேனை'த் தோற்கடித்திருக்கும். முப்பது வருடம் கழித்து, 1992ல், அதுவும் முதல் பத்தில் இல்லை.

'சிட்டிசன் கேன்' மட்டும் அசையவில்லை. 1962, 1972, 1982, 1992, 2002 என ஐந்து முறை தொடர்ந்து முதலிடம். வெளிவந்தபோது அதுவும் வசூலில் ஏமாற்றிய படம்தான். கதை தன்னைப் பற்றியது என்று கடுப்பான பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட், தன் பத்திரிகைகளில் அதற்கு விளம்பரமே வரவிடவில்லை. ஒன்பது ஆஸ்கர் பரிந்துரையில் கிடைத்தது ஒன்றே ஒன்று, திரைக்கதைக்கு. இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை என்பதால் தாண்டிப் போவோம். உண்மையான நாடகம் 'சிட்டிசன் கேனை'க் கீழே தள்ளிய படத்தில் இருக்கிறது.

அது ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. 1958 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் காட்சி. கதையும் அதே ஊரில்தான். உயரத்தைக் கண்டால் தலை சுற்றும் ஒரு முன்னாள் போலீஸ்காரர். பழைய நண்பன் தன் மனைவியைப் பின்தொடர்ந்து பார்க்கச் சொல்கிறான். பின்தொடர்ந்தவர் காதலில் விழுகிறார். அந்தப் பெண் கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறாள். பிறகு தெருவில் அதே ஜாடையில் இன்னொரு பெண்ணைப் பார்க்கிறார். அவளுடைய உடை, தலைமுடியின் நிறம், கொண்டை எல்லாவற்றையும் மாற்றி, செத்தவளாகவே ஆக்கப் பார்க்கிறார்.

அன்றைய விமர்சனங்கள் கலவையாக வந்தன. படம் நீளம், மெதுவாகப் போகிறது, கதை நம்பும்படி இல்லை என்பது பரவலான புகார். படம் முடிய இன்னும் நிறைய நேரம் இருக்கும்போதே ஹிட்ச்காக் மர்மத்தை உடைத்துவிடுகிறார். சஸ்பென்ஸ் பார்க்கப் போனவர்களுக்கு எரிச்சல் வராதா? ஆஸ்கரில் கலை இயக்கத்துக்கும் ஒலிக்கும் பரிந்துரை கிடைத்தது, விருது எதுவும் இல்லை. வசூலும் சுமார்தான். நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு வயதாகிவிட்டது என்பதுதான் காரணம் என்று ஹிட்ச்காக் நினைத்ததாகச் சொல்வார்கள். அதன் பிறகு ஸ்டூவர்ட்டை வைத்து அவர் படம் எடுக்கவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1955லிருந்து ஹிட்ச்காக் அமெரிக்க டி.வி.யில் வாராவாரம் வந்து, கதைக்கு முன்னும் பின்னும் கிண்டலாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிற ஆளாக இருந்தார். வீட்டு ஹாலில் பார்க்கிற மனிதரை 'கலைஞர்' என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? பயமுறுத்தி ஜாலி பண்ணுகிற ஆள் என்றுதான் பெயர். படத்தின் மதிப்பு, எடுத்த ஆளின் மதிப்பைத் தாண்டிப் போக முடியவில்லை.

அவரைத் தூக்கிப் பிடித்தவர்கள் பிரெஞ்சு இளைஞர்கள். 1951ல் ஆரம்பித்த 'காயே டு சினிமா' பத்திரிகையில் த்ரூஃபோ, ரோமர், ஷப்ரோல் என்று ஒரு கோஷ்டி. ரோமரும் ஷப்ரோலும் 1957லேயே ஹிட்ச்காக் பற்றி ஒரு புத்தகம் போட்டுவிட்டார்கள். 1962ல் த்ரூஃபோ அவரை உட்கார வைத்து எடுத்த நீண்ட பேட்டி 1966ல் புத்தகமாக வந்தது. இங்கிலாந்தில் ராபின் வுட் என்ற பள்ளி ஆசிரியர் 'சைக்கோ' பற்றி ஒரு கட்டுரை எழுதி 'சைட் அண்ட் சவுண்டு'க்கு அனுப்பினார். ஆமாம், அதே பத்திரிகைதான். அது திரும்பி வந்துவிட்டது. 'சைக்கோ' ஒரு வேடிக்கைப் படம் என்பதுகூடப் புரியாமல் எழுதியிருக்கிறீர்கள் என்ற ரீதியில் பதில் வந்ததாக வுட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டுரையைப் போட்டது 'காயே டு சினிமா'. 1965ல் வுட் ஹிட்ச்காக் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 'வெர்டிகோ'வை அதுவரை வந்த ஹிட்ச்காக் படங்களிலேயே உச்சம் என்றார். அப்போது அது தனி ஒரு ஆளின் ரசனை.

இதற்கு நடுவில் படமே காணாமல் போனது! 'வெர்டிகோ', 'ரியர் விண்டோ', 'ரோப்' உட்பட ஐந்து படங்களின் உரிமை ஹிட்ச்காக்கின் கையில் இருந்தது. 1973ல் அவற்றைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தியேட்டரில் கிடையாது, டி.வி.யில் கிடையாது. ஹிட்ச்காக் 1980ல் இறந்தார். 1983ல்தான் அந்தப் படங்கள் மறுபடி வெளியே வர ஆரம்பித்தன. ஆனால் 'வெர்டிகோ' சைட் அண்ட் சவுண்ட் முதல் பத்தில் முதன்முதலாக நுழைந்தது 1982ல். அதாவது நேர்வழியில் பார்க்கவே முடியாத ஒரு படத்துக்கு விமர்சகர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். பலர் பத்து வருடத்துக்கு முந்தைய ஞாபகத்தை வைத்துத்தான் போட்டிருக்க வேண்டும். இறந்துபோன ஒருத்தியை ஞாபகத்திலிருந்து திரும்ப உருவாக்க முயல்கிறவனைப் பற்றிய படத்துக்கு இப்படி நடந்ததை என்னவென்று சொல்வது :-)

பிறகு ஏற்றம்தான். 1992ல் நான்காமிடம். 1996ல் பிரதியைச் செப்பனிட்டுப் பெரிய திரையில் மறுபடி வெளியிட்டார்கள். 2002ல் இரண்டாமிடம்: கேனுக்கு 46, வெர்டிகோவுக்கு 41. 2012ல் வெர்டிகோ 191, கேன் 157. ஐம்பது வருட ஆட்சி முடிந்தது. 1958ல் சுமார் என்று ஒதுக்கப்பட்ட படம் 54 வருடம் கழித்து உலகின் தலைசிறந்த படம். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கணக்கு உறுத்த வேண்டும். 2012ல் ஓட்டுப் போட்டவர்கள் 846 பேர். அதில் 191 என்பது சுமார் 23 சதவீதம். மீதி 655 பேர் தங்கள் பத்தில் 'வெர்டிகோ'வை எழுதவே இல்லை. ஒருவர் பத்துப் படம் எழுதலாம் என்று இடம் கொடுத்தும் நாலில் மூன்று பேர் எழுதவில்லை. 2002ல் ஓட்டுப் போட்ட 145 பேரில் 46 பேர் கேனை எழுதினார்கள், அது சுமார் 32 சதவீதம். 1952ல் 63 பேரில் 25 பேர், கிட்டத்தட்ட 40 சதவீதம். ஓட்டுப் போடுகிறவர்கள் பெருகப் பெருக, ஜெயிக்கிற படத்தின் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. 2012ல் ஒரு ஓட்டாவது வாங்கிய படங்கள் மொத்தம் 2,045. விமர்சகர்களின் ஒருமித்த கருத்து என்று சொல்லப்படுவது, பிரித்துப் பார்த்தால் 846 தனித்தனி ரசனை. அதில் ஒரு பெயர் மற்றப் பெயர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒத்துப்போயிருக்கிறது. ஒருமித்த கருத்து என்ற வார்த்தை இதற்குக் கொஞ்சம் பெரிசு.

இன்னும் சின்னதாகவும் பட்டியல் போடலாம். 2005ல் டைம் பத்திரிகை வெளியிட்ட எல்லாக் காலத்துக்குமான 100 படங்கள் பட்டியலில் மணிரத்னத்தின் 'நாயகன்' இருந்தது. நம்மவர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்தது ரிச்சர்ட் கார்லிஸ், ரிச்சர்ட் ஷிக்கல் என்ற இரண்டே பேர். 'நாயகன்' அதனால் குறைந்துவிடவில்லை. 1987லேயே இங்கே ஓடிய படம், கமலுக்கும் பி.சி.ஸ்ரீராமுக்கும் தோட்டா தரணிக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். ஆனால் 'டைம் சொல்லிவிட்டது' என்பதில் இருக்கிற கனம் 'இரண்டு பேருக்குப் பிடித்திருந்தது' என்று சொன்னால் வருவதில்லை, கவனித்தீர்களா?

பட்டியல் போடுகிறவருக்கு இதில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. தப்பினால் பத்து வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். வாராவாரம் எழுதுகிற விமர்சகருக்கு அப்படி இல்லை. வேலையே போகும். போயும் இருக்கிறது.

பாஸ்லி க்ரௌதர் 1940லிருந்து நியூயார்க் டைம்ஸின் சினிமா விமர்சகர். அமெரிக்காவில் ஒரு வெளிநாட்டுப் படம் ஓடுமா ஓடாதா என்பதை அவர் பேனா தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. இத்தாலிய யதார்த்தப் படங்களுக்கு ஆதரவாக எழுதியவர், சென்சாருக்கு எதிராக எழுதியவர். 'வெர்டிகோ'வைக்கூட அவர் திட்டவில்லை. ஆனால் 1958ல் சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' நியூயார்க்குக்கு வந்தபோது, இதில் ஒரு கவித்துவம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டாலும், ஹாலிவுட் எடிட்டர்கள் இதை முழுசாக வெட்டி ஒட்டிய படம் என்றே எண்ண மாட்டார்கள் என்கிற தொனியில் எழுதிவிட்டார். படம் அதே ஊரில் எட்டு மாதம் ஓடியது.

அதிலிருந்து அவர் தப்பித்துவிட்டார். 1967ல் தப்பவில்லை. ஆர்தர் பென் இயக்கிய 'பானி அண்ட் க்ளைட்' அந்த ஆகஸ்டில் மாண்ட்ரியல் விழாவில் திரையிடப்பட்டது. வங்கிக் கொள்ளைக்காரர்களை வேடிக்கையும் காதலுமாகக் காட்டி, கடைசியில் ரத்த வெள்ளத்தில் முடிக்கிற படம். க்ரௌதருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. விழாவிலிருந்து ஒரு முறை திட்டினார். நியூயார்க்கில் வெளியானபோது மறுபடி திட்டினார். ஞாயிறு பகுதியில் மூன்றாவது முறையும் திட்டினார். வாசகர்கள் படத்துக்காகச் சண்டை போட்டுக் கடிதம் எழுதினார்கள்.

நியூஸ்வீக்கில் ஜோ மார்கன்ஸ்டர்னும் முதலில் மோசமாகத்தான் எழுதினார். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு சாதாரணத் தியேட்டரில் ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்தார். கூட்டம் படத்தை ரசித்த விதத்தைப் பார்த்ததும் தான் எதையோ தவறவிட்டோம் என்று அவருக்குப் பட்டது. அடுத்த வாரமே, போன வாரம் எழுதியது தப்பு என்று அதே பத்திரிகையில் அச்சில் ஒத்துக்கொண்டு புது விமர்சனம் எழுதினார். அக்டோபரில் பாலின் கேல் என்ற பெண்மணி 'நியூயார்க்கர்' பத்திரிகையில் படத்தை ஆதரித்து மிக நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். முன்னதாக வேறொரு பத்திரிகை அதைப் போட மறுத்திருந்தது. டிசம்பரில் டைம் பத்திரிகை, தன்னுடைய பழைய மோசமான விமர்சனத்தை மறந்துவிட்டு, படத்தை அட்டையிலேயே போட்டது. அதற்குப் பத்து ஆஸ்கர் பரிந்துரை வந்தது, இரண்டு விருது கிடைத்தது. 27 வருடம் இருந்த நாற்காலியிலிருந்து க்ரௌதர் இறக்கப்பட்டார். கேல் 1968லிருந்து நியூயார்க்கரின் நிரந்தர விமர்சகர் ஆனார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாம் க்ரௌதரைக் காலம் மாறியது தெரியாத கிழவர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது முழு நியாயம் இல்லை. ஊரே எதிர்த்தபோதும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று மூன்று முறை எழுதினார். மார்கன்ஸ்டர்ன் கூட்டத்தைப் பார்த்து மாறினார். இரண்டில் எது நேர்மை என்று கேட்டால், இரண்டும்தான். பாலின் கேலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் ஒரு படத்தை ஒரு தடவைக்கு மேல் பார்க்க மாட்டார் என்பது பிரசித்தம். முதல் பார்வையில் மனசு என்ன சொன்னதோ அதுதான் தீர்ப்பு. மார்கன்ஸ்டர்ன் இரண்டாம் தடவை பார்த்திராவிட்டால் அந்தத் திருத்தம் வந்திருக்காது என்பதை நினைத்தால், கேலின் கொள்கை கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

சரி, விமர்சகர்களை விட்டுவிடுவோம். ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டால்? அதற்கும் பதில் இருக்கிறது. 1990ல் தொடங்கிய ஐ.எம்.டி.பி.யின் முதல் 250 பட்டியல். 2008லிருந்து அதில் முதலிடத்தில் நிலைத்துவிட்ட படம் 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்'. 1994ல் வந்தபோது செலவு சுமார் 2.5 கோடி டாலர், முதல் ஓட்டத்தில் அமெரிக்க வசூல் சுமார் 1.6 கோடி. ஏழு ஆஸ்கர் பரிந்துரை, ஒரு விருதும் இல்லை. அதைத் தூக்கி நிறுத்தியது வீடியோ கேசட் வாடகையும் கேபிள் டி.வி.யும். 1997லிருந்து டி.என்.டி. சேனல் திரும்பத் திரும்பப் போட்டது. எந்த நேரத்தில் சேனலைத் திருப்பினாலும் நடுவிலிருந்தே உட்கார்ந்து பார்க்க முடிகிற படம். அதே படம் 2022ல் விமர்சகர்கள் போட்ட சைட் அண்ட் சவுண்ட் முதல் 100ல் இல்லை. மக்களின் முதலிடத்துக்கு அங்கே நூறில் ஒரு இடம்கூட இல்லை! 'காட்ஃபாதர்' இரண்டு ஊரிலும் செல்வாக்குள்ள ஆள். சைட் அண்ட் சவுண்டில் அதற்கு 12ம் இடம்.

அந்த 2022 தேர்தலில்தான் பெரிய கலாட்டா. ஓட்டுப் போடுகிறவர்கள் 846லிருந்து 1,639 ஆனார்கள். முதலிடம் யாரும் எதிர்பார்க்காத படத்துக்குப் போனது. பெல்ஜியத்தின் ஷான்டால் அகெர்மன் 24 வயதில், 1975ல் எடுத்த 'ழான் டீல்மான்'. 201 நிமிடம். ஒரு விதவைத் தாயின் மூன்று நாள். சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கட்டிலை ஒழுங்கு பண்ணுகிறாள், மகனுக்குச் சாப்பாடு போடுகிறாள், மதியம் ஒரு ஆண் வந்து காசு கொடுத்துவிட்டுப் போகிறான். கேன்ஸில் திரையிட்டபோது பாதியில் எழுந்து போனவர்கள் நிறைய. 2009ல் டி.வி.டி. வரும்வரை பெரும்பாலானவர்களுக்குப் பார்க்கவே கிடைக்காத படம். 2012ல் 36வது இடத்தை ஒட்டி இருந்தது, ஒரே தாவலில் முதலிடம். முதல் நூறில் பெண்கள் இயக்கிய படங்கள் இரண்டிலிருந்து பதினொன்றாக ஏறின. அதில் 2019ல் வந்த செலின் சியாமாவின் படம் மூன்றே வயதில் 30ம் இடத்தில் உட்கார்ந்தது. 1952ன் நாலு வயசு 'பைசைக்கிள் தீவ்ஸ்' ஞாபகம் வருகிறதா?

எதிர்ப்பும் உடனே வந்தது. முக்கியமான குரல் 'டாக்ஸி டிரைவர்' எழுதிய பால் ஷ்ரேடர். படம் தனக்கும் மிகப் பிடித்தது, மகத்தான படம்தான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஓட்டுப் போடும் கூட்டத்தைத் திடீரென்று பெரிசாக்கி முடிவை அரசியலாக்கிவிட்டார்கள், இது அகெர்மனுக்குத்தான் கெடுதல் என்றார். ஒரு வகையில் அவர் கேள்வி சரியானது, ஓட்டர் லிஸ்ட் மாறினால் ஜெயிக்கிறவரும் மாறுவார். ஆனால் 1952ன் 63 பேர் மட்டும் எந்த அரசியலும் இல்லாமல் வானத்திலிருந்து குதித்தவர்களா? அவர்களை யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்துத்தானே கடிதம் போட்டார்.

அந்த வருடம் இரண்டாமிடத்துக்கு இறங்கியது 'வெர்டிகோ'. அந்தப் படம் பூட்டிக் கிடந்த காலத்தில், அதன் பாதிப்பில், 1976ல் வந்த 'அப்செஷன்' படத்தின் திரைக்கதையை எழுதி பிரையன் டி பால்மாவுக்குக் கொடுத்தவரும் இதே ஷ்ரேடர்தான்.

அகெர்மன் 2015லேயே இறந்துவிட்டதால் இந்தச் சண்டை எதையும் பார்க்கவில்லை. அடுத்த தேர்தல் 2032ல். அதற்குள் 'ழான் டீல்மானை'ப் பார்த்துவிட நினைப்பவர்கள், உருளைக்கிழங்கு உரிக்கிற காட்சி வரைக்குமாவது எழுந்து போகாமல் உட்காரவும். பிடிக்காவிட்டால் தாராளமாகச் சொல்லலாம், கேன்ஸிலேயே எழுந்து போனார்களே.